பத்து நாள்தானே என்று நான் சொன்னது

தம்பி,

முதலில் ஒரு காரியம். என் பேத்தி கயலின் மாத்திரையை வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து நிறுத்தப்போவதாக ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். நிறுத்தாதே. மீதியை நீ உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம். படித்து முடித்தபின் என்னோடு பேசாமல் இருக்கவும் உனக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த ஒன்றை மட்டும் இங்கேயே, இந்த வரியிலேயே கேட்டுக்கொள்.

கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ எழுதியது என்று நினைக்காதே. நான்தான் எழுதுகிறேன். திருச்சி கான்வென்டில் சிஸ்டர்கள் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டித் தட்டித் திருத்திய கையெழுத்து இது. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் ஒரு எழுத்துகூடக் கோணாமல் எழுதியிருக்கிறேன். இப்போது அதே முட்டிகள் வீங்கி, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு டம்ளரைப் பிடிக்க முடிவதில்லை. முடக்குவாதம் என்று திருச்சி டாக்டரம்மா சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. உன்னிடம் வயசான வலி என்று சொல்லிவைத்தேன். அதுவும் பொய்தான். இந்தக் கடிதத்தில் வரும் பொய்களிலேயே சின்னது அது.

நீ போனில் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் திரும்பச் சொல்ல என்னால் முடியும். "முகமெல்லாம் உப்பிப் போச்சும்மா. பொண்ணு முகத்தப் பாத்தாலே சுதா அழுவுறா. நிச்சயத்துக்கு நானூறு பேரு வராங்க, வீடியோ எடுப்பாங்க. பத்து நாள்தானே? முடிஞ்ச மறுநாளே மறுபடி ஆரம்பிச்சுடலாம்" என்றாய். டாக்டரைக் கேட்டாயா என்றேன். "கேட்டா வேணாம்னுதாம்மா சொல்லுவாங்க" என்றாய். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா என்றேன். "ஐயோ, சத்தமா பேசாதீங்கம்மா" என்று நீ குரலைத் தாழ்த்தினாய். பெரம்பலூரில் என் வீட்டில் நானும் ஒரு மின்விசிறியும் மட்டும்தான் இருந்தோம். ஆனாலும் நானும் குரலைத் தாழ்த்தினேன். அந்த வியாதியின் பேரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவது எனக்குப் பழகிப்போன ஒன்று. கடைசியில் நீ சொன்னதுதான் என்னைக் கொன்றது: "நம்ம குடும்பத்துல யாருக்குமே இல்லாத வியாதி இவளுக்கு மட்டும் எங்கேருந்தும்மா வந்துச்சு? டாக்டர் கேட்டப்பகூட, எங்க வூட்டுல யாருக்கும் இல்லேன்னுதான் சொன்னேன்." நான் "சரிப்பா" என்றேன். நாலு மாதமாகக் கயலுக்கு லூபஸ் என்று தெரிந்தும் வாய் திறக்காதவள், அப்போதும் திறக்கவில்லை.

நம் குடும்பத்தில் இருந்தது, தம்பி. உன் அக்கா செல்விக்கு இருந்தது. அவள் மஞ்சள் காமாலையில் போகவில்லை.

நாம் அப்போது அரியலூரில், அப்பா வேலை பார்த்த சிமெண்ட் ஆலையின் குடியிருப்பில் இருந்தோம். நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாய். செல்விக்கு இருபத்து மூன்று முடிந்திருந்தது. வெயிலில் போய்விட்டு வந்தால் இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சேர்ந்து சிவக்கும். காலையில் விரல்கள் மடங்காது. சாயந்திரம் லேசான ஜுரம். முகத்துக்கு ஏதோ க்ரீம் தடவிக் கெடுத்துக்கொண்டாள் என்று நான் திட்டினேன். ஜடை பின்ன முடியவில்லை என்றபோது சோம்பேறித்தனம் என்றேன். உன் அப்பாதான் பொறுக்காமல் திருச்சிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு வயதான டாக்டர் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்து லூபஸ் என்றார். ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்து, என்னைப் பார்த்துச் சொன்னார்: "இத உங்க இஷ்டத்துக்கு நிறுத்தாதீங்க. நான்தான் குறைப்பேன், நான்தான் நிறுத்துவேன்." எனக்கு அந்தத் தொனி பிடிக்கவில்லை. என் பள்ளியில் அந்தத் தொனியில் பேசுகிறவள் நான் ஒருத்திதான். இருந்தாலும் மாத்திரை கேட்டது. இரண்டே வாரத்தில் ஜுரம் விட்டது, விரல் மடங்கியது, செல்வி தன் ஜடையைத் தானே பின்னிக்கொண்டாள். மாத்திரைகளை ஒரு பழைய டானிக் புட்டியில் போட்டு, அக்கம்பக்கத்தில் கேட்டால் சுண்ணாம்புச் சத்துக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மீன்சுருட்டியிலிருந்து வரன் வந்தது. நல்ல குடும்பம், பையன் வேளாண்மை அதிகாரி. செல்வியை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனேன். போட்டோக்காரர் கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு, "டீச்சர், பாப்பாவுக்குப் பல்லு வலியா? ரெண்டு கன்னமும் இப்படி வீங்கியிருக்கே" என்றார். நான் அவரை முறைத்த முறைப்பில் மனிதர் அடுத்த வார்த்தை பேசாமல் படம் எடுத்தார். படம் மீன்சுருட்டி போனது. பொண்ணு கொஞ்சம் பூசின மாதிரி இருக்கே, நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று தரகர் வந்து சொன்னார். வீட்டுக்கு வராமல் சிறுவாச்சூர் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். அடுத்த வெள்ளி வேண்டாம், அதற்கு அடுத்த வெள்ளி என்று நான்தான் நாள் தள்ளினேன். எதற்குத் தள்ளினேன் என்று உனக்கு இப்போது புரியும். முகம் வடிய நாள் வேண்டியிருந்தது.

"பத்து நாள் மாத்திரை வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. செல்வி, "அம்மா, டாக்டர் நிறுத்தக்கூடாதுன்னு சொன்னாரே" என்றாள். "பத்து நாள்தானேடி. பத்து நாள்ல என்ன குடி முழுகிடும்?" என்றேன். அவளே புட்டியை எடுத்து வந்து கொடுத்தாள். உன் அப்பா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு வார்த்த திருச்சிக்கு ட்ரங்க் கால் போட்டுக் கேட்டுடலாமே" என்றார். அவரைப் பார்த்தேன். என் பார்வை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், நீயும் அதன் கீழ் வளர்ந்தவன்தானே. அவர் புட்டியை பீரோ மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் அந்தப் புட்டியைக் கையால் தொடக்கூட இல்லை.

முதல் நாலைந்து நாளில் அவளுக்குச் சோர்வு வந்தது. முகம் வடிந்ததோ இல்லையோ, வடிந்ததாக எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் கூட்டம். வெயிலில் நாற்பது நிமிடம் நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்துப் பேசிவிட்டுப் பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஜுரம். மாத்திரையை எடுத்துக் கொடுக்கட்டுமா என்றார் அப்பா. பூ வைத்துவிட்டுப் போகட்டும், அதுவரைக்கும் என்றேன். அதற்கு இரண்டு வாரம் இருந்தது. பத்து நாள் இருபத்தைந்து நாள் ஆனது இப்படித்தான்.

பூ வைக்க வருகிற அன்று காலையில் செல்வி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, கொலுசு போட முடியலம்மா. ஏறவே மாட்டேங்குது" என்றாள். குனிந்து பார்த்தேன். கணுக்கால் இருந்த இடமே தெரியவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அதை நான் பார்த்தேன், தம்பி. பார்த்துவிட்டு, "கொக்கிய தளர்த்திப் போடு. புடவைய கொஞ்சம் தாழக் கட்டு" என்றேன்.

மூன்றாம் நாள் சிறுநீர் வரவில்லை. திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பழைய டாக்டர் ஊரில் இல்லை. ஒரு இளைய டாக்டர் வந்து ஓட்டமாக எல்லாம் செய்தார். கையில் சீட்டை வைத்துக்கொண்டு கேட்டார்: "மாத்திரையை எப்பவாவது நிறுத்தினீங்களாம்மா? ஒரு நாள், ரெண்டு நாள்கூட?" பக்கத்தில் உன் அப்பா. அவருக்குப் பின்னால் மீன்சுருட்டியிலிருந்து செய்தி கேட்டு வந்திருந்த மாப்பிள்ளையின் மாமா. நான் டாக்டரின் கண்ணைப் பார்த்து, "இல்ல டாக்டர். ஒரு வேள தவறினதில்ல" என்றேன். செல்வி கண் விழித்துத்தான் படுத்திருந்தாள். அவளுக்குக் கேட்டது. என்னைப் பார்த்தாள். என் பெண் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த டாக்டர் மேல் ஒரு குற்றமும் கிடையாது. மருந்து சாப்பிட்டும் அடங்காத வியாதி என்று நினைத்து அவர் வேறு வழிகளில் தேடிக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அன்று மாமா எதிரில் நான்தான் அழித்தேன். பதினோராம் நாள் போய்விட்டாள்.

நீ வந்து, "ஏம்மா கால் இப்படி வீங்கியிருக்கு?" என்று கேட்டாய். மஞ்சள் காமாலை முற்றினால் அப்படித்தான் என்றேன். நாளைக்கு உனக்குப் பெண் எடுக்கும்போது ஒரு பேச்சு வரக்கூடாது என்று ஊர் முழுக்க அதையே சொன்னேன். உனக்காகத்தான் சொன்னேன் என்று பல வருடம் என்னையே நம்பவைத்தேன். உன் அப்பா சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பீரோ மேல் கையை வைக்கிற வேலை எதையும் அதற்குப் பிறகு அவர் செய்ததில்லை. மேலே இருக்கும் பொருள் வேண்டுமென்றால் என்னைத்தான் எடுக்கச் சொல்வார்.

இதெல்லாம் எந்த வியாதி, உடம்புக்குள் என்ன நடந்தது என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டது போன வருடம்தான், என் விரல்களுக்காக. திருச்சி டாக்டரம்மாவுக்கு உன் வயதைவிடக் குறைவு. "எனக்கு இது ஏன் வந்தது? மழுப்பாமல் சொல்லுங்கள்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "டீச்சர்னா இதான் தொல்ல" என்று என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் திருப்பிப்போட்டு அதில் சின்னச் சின்ன வட்டமாக வரைந்தார். வெள்ளை அணுக்களில் டி செல் என்று ஒரு வகை. அதில் ஒரு பிரிவுக்கு ஹெல்ப்பர் செல் என்று பேர்.

"ஹெல்ப்பர்னா யாருக்கு உதவுது?" என்றேன்.

"எல்லாருக்கும்தாம்மா. கிருமிய எதிர்க்கிற மருந்த ரத்தத்துலயே தயார் பண்ற செல் இருக்கு, கிருமி புகுந்த செல்ல நேரா போய்க் கொல்ற செல் இருக்கு, விழுங்கித் தின்னுற செல் இருக்கு. அதுங்க எல்லாத்துக்கும் இதுதான் தூண்டுதல்."

"அது கையில் என்ன ஆயுதம்?"

"பெருசா ஒண்ணும் இல்ல. இது சொல்லும், மத்ததுங்க செய்யும். எய்ட்ஸ்ல என்ன ஆகுது? கிருமி இந்த ஹெல்ப்பரத்தான் அழிக்குது. ஆயுதம் வச்சிருக்கிற செல்லுங்க மிச்சம் இருந்தும், சொல்ல ஆளில்லாம உடம்பு கெட்டுப்போயிடுது. அப்ப ஒரு சாதாரண காளான் கிருமிகூட ஆளைக் கொன்னுடும்."

பிறகு நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருப்பதைச் சொன்னார். இந்தச் செல்களுக்கு அதுதான் பள்ளிக்கூடமாம். அங்கே உடம்பின் சொந்தப் பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்களாம். சொந்தத்தைப் பார்த்துப் பாய்கிற செல்லை அங்கேயே தீர்த்துவிடுமாம். உள்ளே போனதில் மிகக் கொஞ்சம்தான் தேறி வெளியே வருமாம். "நாங்ககூட அவ்வளவு பேர ஃபெயில் போட்டதில்ல" என்றேன். "அப்படியும் சிலது காப்பியடிச்சுப் பாஸாயிடும்மா" என்றார். அப்படித் தப்பி வந்தவற்றை அடக்கிவைக்கத் தனியாக வேறொரு வகை டி செல் உண்டாம். அந்த அடக்கம் குலைகிறபோது, தப்பி வந்தது ஒரு நாள் சொந்த உடம்பைப் பார்த்து அந்நியன் என்று சொல்லிவிடுகிறது. சொன்னதும் மற்றவை கேள்வி கேட்காமல் கிளம்பிவிடுகின்றன. எனக்கு அவை தாக்குவது மூட்டுச் சவ்வை. லூபஸ் வந்தவர்களுக்குச் செல்லின் மையத்தில் இருக்கும் பொருளையே எதிர்த்து ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகி, அது போய்ச் சிறுநீரகத்தில் படிந்து அழிக்கிறது. ஸ்டீராய்டு அந்தக் கூச்சலை அடக்கி வைக்கிறது. அதைத் திடீரென்று நிறுத்தினால் இரட்டை ஆபத்து என்றார். அடங்கியிருந்தது இன்னும் மூர்க்கமாகத் திரும்பும் என்பது ஒன்று. மாத்திரை சாப்பிடும் நாளெல்லாம் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும் என்பது இன்னொன்று. உடம்புக்கு ஒரு சோதனை வரும்போது கையில் ஒன்றுமே இருக்காது. இதை அவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

ஒரு கேள்விதான் கேட்க முடிந்தது. "இவ்வளவு பெரிய காரியத்தை அந்த ஹெல்ப்பர் எடுத்த எடுப்பில் சொல்லிவிடுமா? சரிபார்க்க யாரும் இல்லையா?"

"நல்ல கேள்வி கேட்டீங்க" என்றார். "அதுக்குன்னு ஒரு ஏற்பாடு இருக்கு. ஒரு பொருள அடையாளம் காட்டுனா மட்டும் அது தூண்டாது. காட்டுற செல், 'ஆமா, இது நெசமாவே ஆபத்துதான்'னு தனியா இன்னொரு சைகையும் குடுக்கணும். அந்த ரெண்டாவது சைகை வரலேன்னா, ஹெல்ப்பர் அப்படியே அடங்கிப் போயிடும். ரெண்டும் சேந்தாத்தான் வேல நடக்கும்."

நான் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். கான்வென்டில் தந்த பழைய பைபிள் இருக்கும் மேசை டிராயரில் இன்னும் இருக்கிறது. உடம்பின் விஞ்ஞானத்தில் மனிதர்களைத் தேடக்கூடாது என்று என் மாணவிகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் படத்தில் என்னைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. என் கையில் ஒன்றும் இல்லை. புட்டியை எடுத்தவள் செல்வி, மேலே வைத்தவர் உன் அப்பா, வேறு வழியில் தேடியவர் டாக்டர். நான் சொன்னேன், அவ்வளவுதான். நம் வீட்டில் நான் சொன்னால் நடக்கும் என்பதை எவ்வளவு பெருமையாக நினைத்திருந்தேன். இரண்டாவதாகக் கேட்டவர் ஒருவர் இருந்தார், ட்ரங்க் கால் போடலாமே என்று. அந்தக் குரலை நான்தான் ஒரு பார்வையால் அணைத்தேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: உன் வீட்டில் ஒரு முடிவை யாராவது இரண்டாம் முறை கேட்டால் அவர்கள் வாயை அடைக்காதே. ஞாயிற்றுக்கிழமை "டாக்டரைக் கேட்டாயா" என்று நான் கேட்டேன். நீ என் மகன் என்பதை உன் பதிலிலேயே காட்டிவிட்டாய்.

இப்போது நேற்று நடந்ததையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நேற்று அதே தப்பை இன்னொரு முறை செய்யக் கிளம்பினேன். திங்கள் காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஜெயங்கொண்டம் போகவேண்டும். உன் சம்பந்தி வீட்டுக்கே போய், கயலுக்கு இன்ன வியாதி, மருந்து சாப்பிட்டால் நன்றாக இருப்பாள், முகம் உப்பியிருப்பது மருந்தால், சம்மதமென்றால் மேலே பேசுங்கள் என்று சொல்லிவிடுவதாகத் திட்டம். மாத்திரை நிறுத்தக் காரணமே இல்லாமல் போய்விடும் அல்லவா? அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஜெயங்கொண்டம் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்லவேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வரதராஜன்பேட்டைக்காரம்மா ஒருவர், மடியில் முந்திரிக்கொட்டைப் பையோடு.

"எங்கம்மா, தனியா?"

"பேத்திக்குக் கல்யாணம் பேசியிருக்கு. சம்பந்தி வீட்டுக்குப் போறேன்."

"நல்லது நல்லது. பொண்ணு என்ன சொல்லுது? அதுக்குப் புடிச்சிருக்கா?"

வாயாடிக்கொண்டு போவதற்காகக் கேட்ட கேள்விதான் அது. பொண்ணு என்ன சொல்கிறாள்? மாத்திரையை நிறுத்துவது பற்றி, மாப்பிள்ளை வீட்டில் சொல்வது பற்றி, மறைப்பது பற்றி நீ ஒன்று சொன்னாய், சுதா ஒன்று சொன்னாள், நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கயலை யாரும் கேட்கவில்லை. செல்வி சொன்னதையும் இப்படித்தான் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் எழுந்து இறங்கினேன். "ஏம்மா, ஏறி உக்காந்து சீட்ட சூடு பண்ணிட்டு எறங்குறீங்களே?" என்றார் கண்டக்டர். "மறந்துட்டேன்" என்றேன். "என்னத்த?" "கேக்க மறந்துட்டேன்." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

சுதாவைக் கோபித்துக்கொள்ளாதே, அவளும் பெற்றவள்தான். அவள் அழுவதும் நான் போட்டோ ஸ்டூடியோவில் முறைத்ததும் ஒன்றுதான். பெண்ணின் முகத்தைப் பார்த்து ஊர் என்ன சொல்லும் என்று இரண்டு தலைமுறையாகப் பயந்துகொண்டிருக்கிறோம். அவளிடம் இதைச் சொல்: இப்போது வேறு மருந்துகள் வந்துவிட்டன, டாக்டரே படிப்படியாக ஸ்டீராய்டைக் குறைப்பார், அப்போது முகம் தானாக வடியும் என்று என் டாக்டரம்மா சொன்னார். அதுவரை வீடியோவில் கன்னம் உப்பலாகத் தெரிந்தால் தெரியட்டும். செல்வியின் கடைசிப் போட்டோ அந்த உப்பின கன்னத்தோடுதான் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். அந்தக் கன்னத்தில் அன்று எனக்கு என்ன குறை தெரிந்தது என்று இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தக் கடிதம் தபாலில் வராது. எதிர் வீட்டு பாத்திமாவின் கணவர் நாளைக் காலை உங்கள் சென்னையில் விமானம் ஏறுகிறார், லெப்பைக்குடிக்காட்டுச் சொந்தக்காரர்களோடு குடும்பமே காரில் போகிறது. அவளிடம் கொடுக்கிறேன் என்று காலையிலேயே சொல்லிவைத்தேன். "ரெண்டு கவர்னு சொன்னீங்களே டீச்சரம்மா, ரெண்டும் ஒரே வூட்டுக்குத்தானே?" என்றாள். "வீடு ஒண்ணு, ஆள் ரெண்டு" என்றேன். "ஒட்டிக் குடுங்க, இல்லாட்டி நான் படிச்சுடுவேன்" என்று சிரித்தாள். "ஒட்டப்போறதில்ல. படி. உனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்ஷா அல்லாஹ், பத்திரமா சேத்துடுறேன்" என்றாள். நான் மூடிவைத்தது போதும். சுதா படிக்கட்டும், உன் சம்பந்தி படித்தாலும் படிக்கட்டும். ஆனால் அவர்கள் கையில் கொடுப்பதா வேண்டாமா என்று கயல்தான் சொல்லவேண்டும்.

இரண்டாவது கவர் அவளுக்கு. அதை அவள் ஆபீஸ் வாசலில் அவள் கையிலேயே கொடுத்துவிட்டுத்தான் பாத்திமா உன் வீட்டுக்கு வருவாள். நீ இதைப் படிக்கும்போது கயல் படித்து முடித்திருப்பாள். அதற்கு உன்னிடம் நான் அனுமதி கேட்கவில்லை, கேட்டால் தரமாட்டாய். அவளுக்கு மாத்திரை சாப்பிடு என்று எழுதவில்லை, நிறுத்து என்றும் எழுதவில்லை. உன் அத்தைக்கு இந்த வியாதி இருந்தது, இன்னது நடந்தது, உன் டாக்டரிடம் போய் இதைச் சொல், சொல்லிவிட்டு அவரைக் கேள் என்று எழுதியிருக்கிறேன். வாழ்நாளில் உத்தரவு இல்லாமல் நான் எழுதிய முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும். உத்தரவெல்லாம் உனக்குத்தான். என் மேல் நீ படப்போகும் கோபத்துக்கு நான் இடம் வைத்திருக்கிறேன். வந்து எதிரில் நின்று கேள், பதில் சொல்கிறேன், இந்த முறை அந்தப் பார்வை பார்க்க மாட்டேன். ஆனால் அதற்கு அவசரமில்லை.

வெள்ளிக்கிழமை காலை நீ செய்யவேண்டியது வேறு. சாப்பாடு ஆனதும் அவள் மாத்திரை போடும்போது பக்கத்தில் இரு. கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார். அவள் என்றாவது அப்பா, கொலுசு ஏறவில்லை என்று சொன்னால், கொக்கியைத் தளர்த்தாதே, தம்பி. வண்டியை எடு.

அம்மா